அரசமுற்றத்திலிருந்து வீட்டுக்கூண்டுவரை: காட்டுயிர் வளர்ப்பின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

விலங்குகளை வீட்டில் வளர்த்தல் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு நிலைகளுள் ஒன்றைச் சார்ந்து நிற்பதை அவதானிக்கலாம். ஒரு சாரார் அதனை உயிரிரக்கத்தின் வெளிப்பாடெனப் போற்றுவர். மற்றொரு சாரார் உயிர்வதையெனக் கண்டிப்பர். முடிவில் வேறுபட்டாலும் இவ்விரு நிலைகளுக்கும் அடிப்படை ஒன்றே. வளர்ப்பவரின் உள்ளத்தில் அன்பு உண்டா, இல்லையா என்பதையே இரு சாராரும் அளவுகோலாகக் கொள்கின்றனர். காட்டிலோ மலையிலோ கடலிலோ வாழ்ந்த ஓர் உயிர் ஒருவரது வரவேற்பறைக்கு எவ்வழியாக வந்து சேர்ந்தது, அவ்வழியில் யாருடைய உழைப்பு செலவாயிற்று, யார் பொருளீட்டினர், எத்தனை உயிர்கள் இடைவழியில் மடிந்தன என்ற வினாக்கள் இவ்வளவுகோலுக்குள் அடங்குவதில்லை.

இவ்வினாக்கள் வரலாறு சார்ந்தவை. கிளி, குரங்கு, ஆமை, மலைப்பாம்பு, யானை ஆகியவற்றை மனிதர் தம்மோடு வைத்துக்கொள்ள விழைந்தமைக்கு இயல்பான மனித உணர்ச்சியைக் காரணமாகக் கூறிவிட்டால் விளக்க வேண்டியது விளக்கப்படாமலே போய்விடும். அவ்வுணர்ச்சி அரசவையில் ஒரு வடிவமும், வணிகக் கம்பனிகளின் காலத்தில் பிறிதொரு வடிவமும், இன்றைய நடுத்தர வர்க்கத்தின் வீட்டில் வேறொரு வடிவமும் கொண்டுள்ளது. அவ்வடிவ மாற்றங்களைச் சுருக்கமாக நோக்குவதும், அவ்வரலாறு இன்று ஒரு காட்டுயிரை வாங்க எண்ணும் ஒருவர்முன் எவ்வினாக்களை வைக்கிறதெனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல் அவசியமாகிறது. வளர்ப்பு விலங்கு வேறு. பழக்கப்பட்ட காட்டு விலங்கு வேறு. ஆடும் மாடும் நாயும் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரது தெரிவுக்கேற்பத் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்யப்பட்டு, உடலாலும் குணத்தாலும் மாறியவை. மேற்காசியாவில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னர் ஆடு வளர்ப்புத் தொடங்கியதென்பர். நாயின் வரலாறு அதனினும் பழைமை வாய்ந்தது. இவ்வுறவு உற்பத்தியை அடியொற்றி எழுந்தது. பால், இறைச்சி, தோல், காவல், உழவு என்பனவற்றில் மனிதரது வாழ்க்கையும் விலங்கினது வாழ்க்கையும் பின்னிப்பிணைந்தன. யானையோ பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதருக்குப் பணி செய்தும் வளர்ப்பு விலங்காகவில்லை. பெரும்பாலும் ஒவ்வொரு தலைமுறையும் காட்டிலிருந்து புதிதாகப் பிடிக்கப்பட்டு, அடக்கப்பட்டு, பழக்கப்பட்டது. பழக்கம் ஒரு தனி விலங்கின் நடத்தையை மாற்றும். இனத்தின் இயல்பை மாற்றாது. குட்டிப்பருவத்தில் கைக்குழந்தைபோற் பழகிய குரங்கு பருவமெய்தியபின் கடிப்பதற்குக் காரணம் நன்றியின்மை அன்று. அதன் உடல் தன் இனத்தின் விதிப்படி வளர்ந்துள்ளது என்பதே காரணம்.

2

வர்க்கங்கள் தோற்றம்பெற்ற தொடக்கக் கட்டங்களில் காட்டுயிர் திறைப்பொருளாகவே அரசமுற்றத்தை அடைந்தது. இதற்குத் தமிழிலக்கியத்திலேயே சிறந்த சான்றொன்று உண்டு. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தின் காட்சிக் காதையில் மலைவாழ் மக்கள் சேரன் செங்குட்டுவனுக்குக் கொண்டுவந்த பொருள்களின் நீண்ட பட்டியலொன்று இடம்பெறுகிறது. யானைக்கொம்பும் அகிலும் சந்தனமும் தேனும் தொடக்கத்தில் வருகின்றன. அவற்றோடு யானைக்கன்று, குரங்குக்குட்டி, கரடி, வரையாடு, மான்மறி, கீரி, மயில், புனுகின் குட்டி, காட்டுக்கோழி, கிளி முதலிய உயிர்களும் வரிசைப்படுத்தப்படுகின்றன.

இப்பகுதியை உரையாசிரியர்களும் பின்வந்த ஆய்வாளரும் மலைவளம் கூறும் வருணனையாகவே பெரும்பாலும் கொண்டனர். ஆனால், அப்பட்டியலில் உயிருள்ளதும் உயிரற்றதும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருத்தல் மனங்கொளத்தக்கது. சந்தனக்கட்டையும் மான்மறியும் அரசனது பார்வையில் ஒரே தன்மையன. இரண்டும் காட்டின்மீது அவனுக்குள்ள ஆதிக்கத்தின் அடையாளங்கள். அவற்றிற் பல இளங்குட்டிகளாயிருத்தலும் தற்செயலானதன்று. வளர்ந்த கரடியையோ யானையையோ உயிரோடு கொணர்தல் அரிது. குட்டியைக் கொணர்தல் எளிது. குட்டியைக் கைப்பற்றுதற்குத் தாய்க்கு நேர்ந்தது யாது என்பதைக் காப்பியம் கூறவில்லை. கூறவேண்டிய தேவை அவ்வவைக்கு இருக்கவுமில்லை.

இந்நிலை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. பக்தாத்து கலீபா ஹாரூன் அல்-ரஷீத் பிராங்கியப் பேரரசன் சார்லமேனுக்கு அனுப்பிய அபுல் அப்பாஸ் என்னும் யானை 802ஆம் ஆண்டில் ஆகன் நகரை அடைந்து 810இல் இறந்தது. இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றிக்கு 1255இல் கிடைத்த யானை இலண்டன் கோபுரத்தில் வைக்கப்பட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் மடிந்தது. 1515இல் இந்தியாவிலிருந்து லிஸ்பனுக்கு வந்த காண்டாமிருகத்தைப் போர்த்துக்கேய மன்னன் பாப்பரசருக்கு அனுப்பினான். 1516இன் தொடக்கத்தில் கப்பல் மூழ்கியபோது அது நீரில் மாண்டது. அவ்விலங்கை ஒருபோதும் நேரிற் காணாத டியூரர் வரைந்த மரச்செதுக்கு ஓவியம் ஐரோப்பியரின் மனத்தில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் காண்டாமிருகத்தின் உருவமாக நின்று நிலைத்தது. விலங்கு விரைவில் மடிவதும் அதன் உருவம் புகழோடு நீடிப்பதும் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் ஒரு முரணாகும்.

இக்கட்டத்தில் அவ்விலங்கு பண்டமாகவில்லை. அது விற்கப்படவில்லை, அளிக்கப்பட்டது. அதன் மதிப்பு பணத்தில் அளக்கப்படாமல் அளிப்பவர், பெறுபவர் ஆகியோரது தகுதியில் அளக்கப்பட்டது. இதனைக் கொண்டு நிலவுடைமைக் காலத்து உறவு மனிதத்தன்மை மிக்கதெனக் கருதிவிடலாகாது. அவ்விலங்கிற்கு வாய்த்தது ஒரே கூண்டுதான்.

3

திறைப்பொருள் பண்டமாக மாறிய வரலாற்றுத் திருப்பத்தை எமது நாட்டிற் பிறந்த ஒரு யானையின் வாழ்விலேயே காணலாம். ஹன்ஸ்கென் என ஐரோப்பாவில் அழைக்கப்பட்ட அப்பெண்யானை 1630ஆம் ஆண்டளவில் இலங்கையிற் பிறந்தது. அப்பெயர் 'ஆனை' என்ற மலையாளச் சொல்லின் ஒல்லாந்தக் குறுக்க வடிவமெனக் கூறுவோர் உளர். ஒல்லாந்தக் குடியரசின் தலைவராயிருந்த இளவரசர் பிரெடரிக் ஹென்றியின் விருப்பத்தின்பொருட்டு 1633இல் அது கப்பலில் அம்ஸ்ரர்டாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இதுவரையில் நாம் காண்பது பழைய கதையே: அரசகுலத்தவன் விரும்பினான், விலங்கு வந்தது.

ஆனால், ஒல்லாந்து அக்காலத்தில் பழைய சமுதாயமாக இருக்கவில்லை. வணிக மூலதனம் ஐரோப்பாவிலேயே மிக விரைவாக அங்குதான் வளர்ந்துகொண்டிருந்தது. சில ஆண்டுகளில் ஹன்ஸ்கென் கைமாறி, காட்சிநடத்தும் தொழிலாளன் ஒருவனின் உடைமையாயிற்று. கொடி அசைத்தல், வாள் ஏந்துதல், துப்பாக்கி வெடித்தல் முதலிய வித்தைகளைப் பயின்று ஊரூராக நடந்தது. ஒல்லாந்து, ஜேர்மனிய நகரங்கள், சுவிற்சர்லாந்து, இத்தாலி என ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதன் நடை நீண்டது. 1637இல் ஓவியர் ரெம்பிராண்ட் அதனை வரைந்தார். 1655 நவம்பரில் புளோரன்ஸ் நகரில் அது இறந்தது. அப்போது அதற்கு ஏறத்தாழ 25 வயது. ஆசிய யானையொன்று 60 ஆண்டுகள்வரை வாழக்கூடியது என்பதனை இங்கு நினைவுகூர்தல் தகும்.

இறந்தபின்னும் அதன் பயன்பாடு முடியவில்லை. அதன் எலும்புக்கூடு புளோரன்சிலே பேணப்பட்டது. 2013இல் வெளிவந்த ஆய்வொன்று, ஆசிய யானை இனத்திற்கு லின்னேயஸ் அறிவியற் பெயரிட்டபோது சான்றாகக் கொண்ட மாதிரிகளை மீளாய்வு செய்தது. அவற்றுள் ஒன்று ஆபிரிக்க யானையின் கருவென நிறுவப்பட்டது. அதன்பின் ஆசிய யானையினத்தின் முதன்மை மாதிரியாகத் தெரிந்தெடுக்கப்பட்டது ஹன்ஸ்கென்னின் எலும்புக்கூடேயாகும். ஓர் இனத்தின் பெயருக்கே ஆதாரமாக நிற்கும் அவ்விலங்கு, சிறு கன்றாயிருந்தபோதே தன் இனத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தன்னந்தனியாக வாழ்ந்து மடிந்தது. பெண்யானைகள் தாய், மகள், சகோதரி எனக் கூட்டமாக வாழும் இயல்பின. ஹன்ஸ்கென் தன் கூட்டத்தை மீண்டும் காணவில்லை.

ஹன்ஸ்கென் விதிவிலக்கன்று, அதன் பின்னணியில் ஒரு பெரும் உற்பத்தி முறையே இருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தமக்கு முன்னிருந்த அரசர்களையும் போர்த்துக்கேயரையும் போன்று யானை வணிகத்தை வருவாய்க்குரிய முக்கிய துறையாக நடத்தினர். வன்னியிற் பிடிக்கப்பட்ட யானைகள் கடல்நீரேரியைக் கடந்து குடாநாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட துறையே இன்றும் யானையிறவு என வழங்குகிறது. கோல்கொண்டா முதலிய இடங்களிலிருந்து வணிகர் யாழ்ப்பாணம் வந்து யானைகளை வாங்கினர். வன்னியர் தலைவர்கள் யானைகளையே திறையாகச் செலுத்தக் கடமைப்பட்டிருந்தனர். அத்திறையை ஈட்டும் பளு இறுதியிற் சாதாரண குடிகளின்மீதே வீழ்ந்தது. தெற்கே மாத்தறைப் பகுதியிலும் யானைவேட்டைக்குக் குடிகளின் கட்டாய உழைப்பே பயன்பட்டது. காட்டில் விலங்கைச் சுற்றிவளைத்து நின்றவர் அதனை விற்றவர் அல்லர். விற்றவர் காட்டினுட் கால்வைத்தவரும் அல்லர். ஓர் ஊர்ப்பெயரின் பொருள் மறந்துபோனதோடு அப்பெயரைத் தோற்றுவித்த உழைப்பும் மறந்துபோயிற்று.

4

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பூர்சுவாப் புரட்சி அரசரது விலங்குகளையும் விட்டுவைக்கவில்லை. வெர்சாய் அரண்மனையில் எஞ்சிய விலங்குகள் பாரிசிலுள்ள தாவரவியற் பூங்காவுக்கு மாற்றப்பட்டு, 1793இன் பின் அங்கு பொதுமக்களுக்குரிய விலங்குக் காட்சிச்சாலை உருவாயிற்று. இது முற்போக்கான மாற்றமென்பதில் ஐயமில்லை. ஆயினும், கூண்டின் உடைமையாளர் மாறினரே தவிரக் கூண்டு மாறவில்லை. 1870இல் பிரஷியப் படை பாரிசை முற்றுகையிட்டபோது அந்நகரின் காஸ்ரர், பொலக்ஸ் என்னும் புகழ்பெற்ற இரு யானைகளும் இறைச்சிக்காகக் கொல்லப்பட்டன. அவ்விறைச்சியை வாங்கி உண்டவர் செல்வர். ஏழைகளுக்கு எலியே எஞ்சியது. காட்சிப்பொருளின் இறுதி மதிப்பும் சந்தையிலேயே தீர்மானிக்கப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏகாதிபத்தியம் உலகை ஒரே சந்தையாக இணைத்தபோது காட்டுயிர் வணிகம் தனித் தொழிலாகப் பரிணமித்தது. இலண்டனின் கிழக்குப் பகுதியில் ஜம்ராக்கின் கடையிற் புலியும் கிளியும் பிற பண்டங்களைப் போன்றே விலைக்குக் கிடைத்தன. 1857இல் அக்கடையிலிருந்து தப்பிய புலியொன்று தெருவில் ஒரு சிறுவனைக் கவ்வியது. சிறுவன் உயிர்பிழைத்தான். ஹம்பேர்க் நகரின் கார்ல் ஹாகன்பெக் இத்தொழிலை உலகளாவிய நிறுவனமாக்கினார். ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் வளர்ந்த விலங்குகளைக் கொன்று குட்டிகளைக் கவர்தலே அக்காலத்து வழமையான முறையாகும். ஐரோப்பியத் துறைமுகத்தை அடைந்த ஒரு குட்டிக்குப் பின்னால் காட்டில் வீழ்ந்த பல உடல்கள் இருந்தன.

ஹாகன்பெக் விலங்குகளை மாத்திரம் காட்சிப்படுத்தவில்லை. 1870களிலிருந்து வடபுலத்து லாப்பியர், நூபியர் எனப் பல இனத்தவரை விலங்குகளோடு சேர்த்துக் காட்டினார். 1880களில் யானைகளோடு இலங்கை மக்களையும் ஐரோப்பிய நகரங்களில் நிறுத்தினார். ஒரே நுழைவுச்சீட்டுக்குக் காட்டின் உயிரும் காலனித்துவ நாட்டின் மனிதனும் காட்சியாயினர். அவருடைய குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் ஹாகன்பெக் இலங்கையிலேயே தங்கி விலங்கு வணிகம் நடத்தினார். அவர் 1920களில் தெஹிவளையில் அமைத்த விலங்குச்சாலையே, 1936இல் அரசு பொறுப்பேற்றபின், இன்றைய தேசிய மிருகக்காட்சிச்சாலையாக வளர்ந்தது. விடுமுறை நாள்களிற் குழந்தைகளை அழைத்துச்செல்லும் அவ்விடம், ஏற்றுமதிக்காகக் காத்திருந்த விலங்குகளின் தங்குமிடத்திலிருந்து வளர்ந்தது என்ற செய்தி எமது பாடநூல்களில் இடம்பெறத்தக்கது.

5

இருபதாம் நூற்றாண்டிலே காட்டுயிர் தனிமனிதரின் வீட்டிற்குள் பெருந்தொகையாகப் புகுந்தது. கப்பற்போக்குவரத்தும் பின்னர் விமானப்போக்குவரத்தும் விலையைக் குறைத்தன. அரசனுக்கு உரியதாயிருந்த அரும்பொருள் எழுதுவினைஞனின் வீட்டிற்கும் எட்டியது. தன் தொழிலிலும் தெருவிலும் பிறரிலிருந்து வேறுபடுத்திக் காட்டத்தக்க எதுவும் இல்லாத ஒருவருக்கு, எவரிடமும் இல்லாத ஓர் உயிர் தனித்துவத்தை வழங்குவதாகத் தோன்றுகிறது. அத்தனித்துவம் விலைகொடுத்து வாங்கப்பட்டது என்பது மட்டும் மறைந்துவிடுகிறது.

பண்டம் தன்னை உருவாக்கிய சமூக உறவுகளை மறைத்து, தானே இயல்பாக மதிப்புடையதுபோல் தோன்றுவதை மார்க்ஸ் 1867இல் வெளிவந்த மூலதனம் முதற்பாகத்தில் விளக்கினார். உயிருள்ள பண்டத்திற்கு இவ்விளக்கம் மேலும் கூர்மையாகப் பொருந்துகிறது. கடைக்கூண்டிலுள்ள கிளியைக் காண்பவர், கண்ணியையோ கப்பலின் அடித்தட்டையோ காண்பதில்லை. தம்மை நோக்கித் தலைசாய்க்கும் ஓர் உயிரையே காண்கின்றார். இணையத்தின் வழியாக விற்பனை பரவிய இக்காலத்தில் கடையும் மறைந்து படமொன்றே எஞ்சியுள்ளது. தென்கிழக்காசியத் தேவாங்கு ஒன்று கைகளை உயர்த்தியபடி கூச்சமூட்டப்படும் காணொளிகள் உலகெங்கும் பரவின. கைகளை உயர்த்துதல் அவ்விலங்கு தன்னைத் தற்காத்துக்கொள்ளும் நிலையாகும். அதன் முழங்கையின் உட்புறத்திலுள்ள சுரப்பியின் கசிவு உமிழ்நீரோடு சேர்ந்து நஞ்சாகிறது. விற்பனைக்கு முன்னர் அதன் பற்களை வெட்டிவிடுதல் வணிகரின் வழக்கம். பார்ப்பவர் மகிழ்ச்சியெனக் கொண்டது அச்சமாக இருந்தது.

ஆபிரிக்கச் சாம்பற் கிளியின் வரலாறும் இவ்வாறானதே. மனிதப் பேச்சைத் திறம்படப் போலச்செய்யும் ஆற்றலே அதற்குக் கேடாயிற்று. கானா நாட்டில் 1990களின் தொடக்கத்திலிருந்து அக்கிளிகளின் தொகை நூற்றுக்கு 90க்கு மேல் வீழ்ச்சியுற்றதென 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வாண்டிலேயே சைட்டிஸ் எனப்படும் சர்வதேச சமவாயம், காட்டில் பிடித்த சாம்பற் கிளிகளின் வணிகத்தைத் தடைசெய்யும் முதலாம் பட்டியலில் அதனைச் சேர்த்தது. 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்த அச்சமவாயத்தில் இலங்கை 1979இல் இணைந்தது. எமது உலர்வலயத்திலும் தமிழகத்திலும் வாழும் நட்சத்திர ஆமை, கடத்தல் பெருகியதன் விளைவாக 2019இல் அதே பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது.

இவ்விடத்தில் எமது இலக்கிய ஆய்வு மரபைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டியுள்ளது. தமிழிலக்கியத்திற் கிளி தோழியாகவும் தூதாகவும் வருவதை நாம் நயந்து எழுதியுள்ளோம். பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் அழகர் கிள்ளைவிடு தூது போன்ற நூல்களில் கிளி தூதிற்குச் சிறந்ததாகக் கொள்ளப்படுவது அது மனிதச் சொல்லைச் சொல்வதனாலேயாகும். தன் சொல் அதற்கு இல்லை. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஓரிடத்தில் கூண்டுக்கிளி இடையறாது இறைவனின் பெயரைக் கூவுகிறது. அதனைத் தண்டிக்க உணவை மறுத்தபோது அது மேலும் உரத்து அவனது வேறொரு பெயரைக் கூவுகிறது. இதனைப் பக்தியின் பெருக்காகவே நாமும் எமது மாணவர்க்கு விளக்கிவந்தோம். தலைவியின் உள்ளத்தை உணர்த்தும் உத்தியென்ற வகையில் அவ்விளக்கம் பிழையன்று. எனினும், பசித்த கிளியொன்று தனக்குக் கற்பிக்கப்பட்ட ஒரே சொல்லால் உணவு கேட்கின்றது என்ற எளிய உண்மை எமது விளக்கங்களில் இடம்பெற்றதில்லை. அக்காட்சியைத் தந்த கவிஞர் உணவு மறுக்கப்பட்டதை மறைக்கவில்லை, மறந்தவர்கள் நாமே.

6

வரலாறு இவ்வாறிருக்க, இன்று ஒரு காட்டுயிரை வாங்கக் கருதும் ஒருவர் எவற்றைச் சிந்தித்தல் வேண்டும்? அறவுரையாகவன்றி, மேற்கூறியவற்றினின்று பெறப்படும் வினாக்களாகவே அவற்றை முன்வைக்கலாம்.

முதலாவது, அவ்வுயிரின் பிறப்பிடம் பற்றியது. அது கூண்டிற் பிறந்ததா, காட்டிற் பிடிக்கப்பட்டதா? கூண்டிற் பிறந்ததென்ற சான்றிதழ் காட்டிற் பிடித்ததை மறைக்கும் திரையாகப் பயன்பட்டமை பல நாடுகளில் வெளிப்பட்டுள்ளது. எமது ஈரவலயத்து ஓடைகளில் மட்டுமே இயற்கையாக வாழ்கின்ற சிறு நன்னீர் மீன்களும் உலகெங்கும் அலங்காரத் தொட்டிகளுக்காக நெடுங்காலம் பிடிக்கப்பட்டன. அயல்நாட்டவனுக்கு அரிய மீன் எமக்கு ஊரோடை மீன். அரிது என்பது பொருளின் இயல்பன்று. சந்தையில் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

இரண்டாவது, காலம் பற்றியது. சாம்பற் கிளி 40 முதல் 60 ஆண்டுகள்வரை வாழக்கூடும். ஆமையின் வாழ்நாளும் பல பத்தாண்டுகள். நாற்பது வயதினர் ஒருவர் இளங்கிளியை வாங்குவாராயின் தம் முதுமைக்கு அப்பாலும் நீளும் ஒரு பொறுப்பையே வாங்குகின்றார். அவருக்குப் பின் அதனை ஏற்பவர் யார்? மூன்றாவது, உணவும் இடமும் துணையும் பற்றியது. கூட்டமாக வாழும் பறவையைத் தனியே அடைத்தால் அது தன் இறகுகளைத் தானே பிடுங்கிக்கொள்ளும். அன்போடு அளிக்கும் சோறும் பிஸ்கட்டும் அதன் உடலுக்கு ஒவ்வாதவை. நோயுற்றால் நாயையும் மாட்டையும் அறிந்த மிருக வைத்தியர் இவ்வினத்தையும் அறிந்திருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

நான்காவது, மனிதரின் நலம் பற்றியது. 1929, 1930ஆம் ஆண்டுகளில் தென்னமெரிக்காவிலிருந்து வந்த கிளிகளின் வழியாகக் கிளிக்காய்ச்சல் ஐரோப்பாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பரவி உயிர்களைப் பலிகொண்டது. சிற்றாமைகளின் வழியாகக் குழந்தைகளுக்கு சல்மொனெல்லாத் தொற்று ஏற்பட்டதால் 1975இல் ஐக்கிய அமெரிக்கா நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடைசெய்தது. 2003இல் கானாவிலிருந்து அந்நாட்டிற்கு வந்த கொறிவிலங்குகளிடமிருந்து வளர்ப்புக்காக விற்கப்பட்ட வேறு சிறுவிலங்குகளுக்கும், அவற்றிலிருந்து மனிதருக்கும் குரங்கம்மை தொற்றியது. 47 பேர் பாதிக்கப்பட்டனர், எவரும் இறக்கவில்லை.

ஐந்தாவது, முடிவு பற்றியது. சலித்தபின் அவ்வுயிரை என் செய்வது? காட்டில் விட்டுவிடலாமென்பது பொதுவான எண்ணம். புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் விடப்பட்டும் தப்பியும் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள பாலூட்டிகளைப் பெரிதும் அழித்தன. எமது நாட்டிலும் அலங்காரத் தொட்டிகளின் பாசியைத் தின்பதற்கென இறக்குமதியாகி 'ராங் கிளீனர்' என வழங்கும் தென்னமெரிக்க மீன் குளங்களிற் பெருகி வலைகளிற் சிக்குகிறது. அதன் முரட்டுத் தோலும் முள்ளும் நன்னீர் மீனவனின் வலையைச் சிதைக்கின்றன. நகரத்து வீட்டிலே தொடங்கிய பொழுதுபோக்கின் இழப்பைக் குளத்தோரத்து உழைப்பாளி ஏற்கின்றான்.

7

இங்கு ஒரு மறுப்பை எதிர்கொள்ளுதல் வேண்டும். மனிதரே பசித்திருக்கும் சமுதாயத்தில் கிளிக்காகவும் ஆமைக்காகவும் கவலைகொள்வது நடுத்தர வர்க்கத்தின் மென்மையுணர்ச்சி அன்றோ எனத் தோழர்கள் சிலர் கேட்பதுண்டு. இவ்வினாவில் நியாயம் உண்டு. காட்டோரத்தில் கண்ணி வைப்பவன் வேறு வாழ்வாதாரம் அற்றவனாகவே பெரும்பாலும் உள்ளான். விற்பனை விலையின் மிகச் சிறிய பங்கே அவனை அடைகிறது. பிடிபடும்போது தண்டனை முதலில் அவனையே அடைகிறது. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும் அதன் திருத்தங்களும் காட்டிலிருந்து விலங்கு பிடிப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. ஆயினும், யானைக்கன்றுகள் காட்டிலிருந்து கவரப்பட்டு, போலிப் பதிவுகளோடு செல்வாக்கு மிக்கோரின் வளவுகளில் வைக்கப்பட்டிருந்தன என்ற குற்றச்சாட்டுகள் 2015இன் பின் நீதிமன்றங்கள்முன் வந்தன. வளவில் யானை நிற்பது இன்றும் அந்தஸ்தின் அடையாளமாயிருப்பதே இதன் காரணமாகும். 2021இல் வெளியான ஒழுங்குவிதிகள் யானையை நாள்தோறும் இரண்டரை மணிநேரம் குளிப்பாட்ட வேண்டுமெனவும், பாகன் பணியின்போது மது அருந்தலாகாதெனவும், கன்றைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாதெனவும் விதித்தன. இவை வரவேற்கத்தக்கவை. பாகனின் குடியைப் பற்றிப் பேசிய சமூகம் அவனது கூலியைப் பற்றியும் பேசுதல் வேண்டும்.

எனவே, காட்டுயிரின் துன்பமும் அதனைப் பிடிப்பவனின் வறுமையும் ஒரே உறவின் இரு முனைகள். ஒன்றைப் பற்றிய அக்கறை மற்றதைப் பற்றிய அக்கறைக்குப் பகையாகாது. அம்முனைகளை இணைக்கும் இழை வாங்குபவரின் கையிலுள்ள பணமாகும். இவ்வமைப்பை ஒரு தனிமனிதர் வாங்க மறுப்பதால் மாற்றிவிட முடியாதென்பது உண்மை. வணிகத்தைச் சட்டத்தாலும், காட்டோர மக்களின் வாழ்வை நிலவுரிமையாலும் வேலைவாய்ப்பாலும் மாற்றுதல் சமூகத்தின் பணி. எனினும், கேள்வி உள்ளவரை கண்ணி உண்டு என்பதும் உண்மையே. இவ்வரலாற்றில் தன் பங்கு யாதென அறிந்தபின் வாங்காதிருத்தல் மிகச் சிறிய செயலாயினும் அறிவோடு செய்யப்படும் செயலாகும்.

யானையிறவைக் கடந்து செல்லும் பேருந்துகளில் நாம் பன்முறை பயணம் செய்துள்ளோம். அவ்வூர்ப்பெயரைக் கேட்டவுடன் அண்மைக்காலப் போர்களே எம் நினைவிற்கு வருகின்றன, அது இயல்பு. அப்போர்களுக்கும் முந்திய காலத்தில், அக்கடல்நீரேரியை நடந்து கடந்த உயிர்களும் அவற்றைக் கட்டாயத்தின்பேரில் ஓட்டிவந்த மனிதரும் அப்பெயரிலே இன்னும் வாழ்கின்றனர். ஒரு காட்டுயிரை விலைகேட்கும் முன்னர் அது எத்துறையைக் கடந்து வந்ததெனக் கேட்டறிதல், அவ்விரு சாராருக்கும் நாம் செலுத்தத்தக்க குறைந்தபட்சக் கடனாகும்.